ஏழு தகப்பன்மார் பெயர்

கிர்கிஸ்தான் என்ற பெயரை இன்றைக்கு ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் சுவரில் படிக்கலாம். குறைந்த செலவில் டாக்டர் படிப்பு என்று விளம்பரம் ஒட்டியிருக்கும். மாங்காய் மண்டிக்காரர் மகனும் தொழிற்சாலை மேஸ்திரி மகளும் பிஷ்கேக்குக்கும் ஓஷ் நகரத்துக்கும் விமானம் ஏறுகிறார்கள். 2024 மே மாதம் பிஷ்கேக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கிய செய்தி வந்தபோதுதான், அந்த ஊர் எங்கே இருக்கிறதென்று பலரும் பூகோளப் படத்தில் தேடினார்கள். குளிர் எப்படி, சாப்பாடு எப்படி, பரீட்சை எப்படி என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அங்கே இருக்கிற மனிதர்கள் எப்படி என்று யாரும் விசாரித்து நான் கேட்டதில்லை.

விசாரித்தால் சொல்வதற்கு நம்மிடம் ஒரு பதில் உண்டு. அதுவும் தமிழிலேயே உண்டு. மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் மலிவு விலையில் ஊர் ஊராய் வந்து சேர்ந்த ருஷ்யப் புத்தகங்களை மறந்திருக்க மாட்டீர்கள். டால்ஸ்டாயும் கார்க்கியும் வந்த அதே மூட்டையில், ருஷ்யரல்லாத ஒருவரும் வந்தார். சிங்கிஸ் ஐத்மாத்தவ் என்ற கிர்கீசியர். 'ஜமீலா', 'முதல் ஆசிரியர்', 'அன்னை வயல்', 'குல்சாரி' என்ற பெயர்களைச் சொன்னால் அறுபது வயதுக்கு மேற்பட்ட வாசகர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரியும். 1991-இல் சோவியத் நாடு கலைந்து, மூட்டைகள் வருவதும் நின்றது. நான் அவரைப் படித்தது அதற்குப் பிற்பாடு, அட்டை கழன்ற நூலகப் பிரதிகளில்.

தமிழில் ஐத்மாத்தவுக்குக் கிடைத்த வரவேற்பைப்பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. நாம் அவரைப் பாதியில் நிறுத்திவிட்டோம். காதலையும் முற்போக்கையும் பாடிய மலைநாட்டுக் கதாசிரியர் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டோம்.

'ஜமீலா' 1958-இல் வெளிவந்த குறுநாவல். பிரெஞ்சுக் கவிஞர் லூயி அரகோன் அதை மொழிபெயர்த்து, உலகத்துக் காதல் கதைகளிலேயே அழகானது இதுதான் என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கதையைக் காதல் கதையாகவே படிக்கிறார்கள். யுத்த காலம். ஜமீலாவின் புருஷன் சாதிக் போர்முனையில் இருக்கிறான். அவள் தானிய மூட்டைகளை வண்டியேற்றி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோகிறாள். துணைக்கு அவள் கொழுந்தன் ஸெயித். பதினைந்து வயசுப் பையன். கூடவே தானியார் என்று, காலில் காயம்பட்டுத் திரும்பிய அநாதை. இரவில் வண்டி திரும்பும்போது தானியார் பாடுகிறான். பாட்டின் சொற்களை ஆசிரியர் அதிகம் தருவதில்லை. கேட்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் சொல்கிறார். கடைசியில் அவளும் அவனும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கதையைச் சொல்கிறவன் அந்தக் கொழுந்தன். அவளை அவன் 'ஜெனே' என்று கூப்பிடுகிறான். நம் வீட்டு 'அண்ணி' தான் அது. மரியாதையும் செல்லமும் அதே அளவில் கலந்த சொல். அண்ணன் இல்லாத சமயத்தில் அண்ணிக்குக் காவல் நிற்க வேண்டியது அவன் பொறுப்பு. அந்தக் காவல்காரனே அவள் போவதைப் பார்த்து, தடுக்காமல் நின்று, படம் வரைந்து வைத்துக்கொள்கிறான். என் அபிப்பிராயத்தில் கதையின் நாயகன் அவன்தான். தன் குடும்பத்துக்குத் துரோகம் செய்யாமல் ஒருவன் கலைஞனாக முடியுமா என்ற கேள்வியை ஆசிரியர் அந்தப் பையன் தலையில் வைத்திருக்கிறார்.

இன்னொன்று. சாதிக்கின் கடிதங்கள் வருகின்றன. ஊர்ப் பெரியவர்கள், தகப்பனார், தாயார், உறவினர் என்று வயசு வரிசையில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரியில் ஜமீலாவை விசாரிக்கிறான். அவன் கெட்டவன் அல்ல. பெரியவர்கள் இருக்கும்போது பெண்டாட்டி பெயரை முன்னால் எழுதுவது மரியாதை இல்லை, அவ்வளவுதான். நம் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களும் இப்படித்தானே எழுதினார்கள்! அந்த ஒரு வரியில் அவள் வெளியேறுவதற்கான நியாயம் முழுவதும் இருக்கிறது. ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டிப் பிரசங்கம் செய்யவில்லை.

பிரசங்கம் 'முதல் ஆசிரிய'ரில் கொஞ்சம் இருக்கிறது. அரைகுறையாக எழுத்துக்கூட்டத் தெரிந்த தூய்ஷேன் ஒரு குதிரைலாயத்தைப் பள்ளிக்கூடமாக்குகிறான். அவனிடம் படித்த அல்தினாய் பெரிய அறிஞராகிவிடுகிறாள். அவள் வாழ்க்கையின் பின்பாதியை ஆசிரியர் அவசரமாகத் தாண்டிப் போகிறார். ஆனால் ஊரில் புதுப் பள்ளிக்கூடம் திறக்கும் விழாவில், பெரிய மனிதர்கள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, கிழவன் தூய்ஷேன் தபால்காரனாகத் தந்திகளைச் சுமந்துகொண்டு வந்து, உள்ளே வராமல் போய்விடுகிறான் பாருங்கள், அந்த இடத்துக்காக மற்றதை மன்னிக்கலாம்.

'குல்சாரி'யை எங்கள் பக்கத்து வாசகர்கள் தனியாகப் படிக்கவேண்டும். ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் இருக்கிற கால்நடைப் பண்ணை 1824-இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்ப்பதற்காக ஆரம்பித்தது. சீமை வெள்ளைக்காரன் குளம்பொலிக்காக உண்டாக்கிய இடத்தில் பிறகு மாடும் ஆடும் கோழியும் வளர்ந்தன. ஐத்மாத்தவும் அப்படிப்பட்ட பண்ணை மனிதர்தான். இலக்கியம் படிக்கப்போகும் முன்னால் விவசாயக் கல்லூரியில் கால்நடைப் படிப்பு முடித்து, அதே உத்தியோகம் பார்த்தவர். அது 'குல்சாரி'யின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. மிருகத்தை உவமைக்காக மட்டும் கூட்டிவருகிற எழுத்தாளர்கள் நம்மில் அதிகம். இவருக்கு அதன் வாய், குளம்பு, சாணம் எல்லாம் தெரியும்.

குல்சாரி ஒரு மஞ்சள் குதிரை. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்தாற்போல் எட்டுப்போடும் நடை அதற்கு. மேலே உட்கார்ந்தவனுக்குக் குலுங்காது. அதை வளர்த்த தானாபாய் கட்சிக்காரன், நேர்மையானவன், முரடன். கூட்டுப் பண்ணையின் புதுத் தலைவர் தமக்குச் சவாரிக்கு வேண்டுமென்று குதிரையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அது திரும்பத் திரும்ப அறுத்துக்கொண்டு மந்தைக்கு ஓடிவருகிறது. கடைசியில் காயடித்துவிடுகிறார்கள். தானாபாயின் கதியும் ஏறக்குறைய அதேதான். குளிர்கால முடிவில் ஆடுகள் குட்டி போடுகிற நேரத்தில், கூரை ஒழுகும் பட்டியில் குட்டிகள் மடிந்து விழுகின்றன, விசாரிக்க வந்த அதிகாரியை அவன் கவைக்கோலை எடுத்துக்கொண்டு துரத்துகிறான், கட்சியிலிருந்து நீக்குகிறார்கள். 1966-இல் சோவியத் நாட்டில் இதை எழுதி அச்சிட முடிந்தது என்பதே ஆச்சரியம்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு இடம். வாலிபத்தில், நிலமுள்ளவர்களை நாடு கடத்தும் பட்டியல் தயாரானபோது, தன் சொந்த மாற்றாந்தாய்ச் சகோதரன் பெயரைச் சேர்க்கச் சொன்னவனே தானாபாய்தான். இருவருக்கும் தகப்பன் ஒருவன். ஊர் அதை மறக்கவில்லை. அவனும் மறக்கவில்லை.

இங்கே ஆசிரியரின் சொந்தக் கதையைச் சொல்லியாகவேண்டும். அவர் 1928-இல் தலாஸ் பள்ளத்தாக்கில் ஷேகெர் கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் தோரேகுல் கட்சியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1937-இல் அவரைக் கைது செய்தார்கள். 1938-இல் சுட்டுக் கொன்றார்கள். எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியாது. தாயார் நான்கு பிள்ளைகளை வளர்த்தார். 1963-இல் 'அன்னை வயல்' வெளிவந்தபோது, எங்கே அடக்கமாகியிருக்கிறார் என்று தமக்குத் தெரியாத தகப்பனாருக்கும், நால்வரையும் வளர்த்த தாயாருக்கும் என்று அதைக் காணிக்கை செய்தார்.

கிர்கீசியர்கள் கூடாரத்தோடு இடம்பெயர்ந்து குதிரையும் ஆடும் மேய்த்த ஜனங்கள். அவர்களுடைய 'மானாஸ்' காவியத்தை ஏடு பார்க்காமல் பாடுகிற பாணர்கள் இருந்தார்கள். சாயக்பாய் கரலாயேவ் பாடி எழுதிக்கொண்ட பாடம் ஒன்றே 5 லட்சம் வரிகளுக்கு மேல். நம் மகாபாரதத்தையும் மிஞ்சிவிட்டது. அவர்கள் எழுத்தோ ஒரு தலைமுறைக்குள் அரபியிலிருந்து லத்தீனுக்கும், 1940 வாக்கில் ருஷ்ய லிபிக்கும் மாறியது. பாட்டன் எழுதிய கடிதத்தைப் பேரனால் படிக்கமுடியாது. அப்படிப்பட்ட ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் தன் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரையும் தடங்கலின்றிச் சொல்லவேண்டும். 1970-இல் வந்த 'வெள்ளைக் கப்பல்' சிறுவனுக்கு அது தெரியும். அவன் தகப்பன் அவனை விட்டுவிட்டுப் போனவன் என்பதுதான் அந்தக் கதையின் கொடுமை.

1980-இல் வந்த 'நூறாண்டினும் நீளும் ஒரு நாள்' நாவலில் இதெல்லாம் ஒன்றுதிரண்டு நிற்கிறது. இந்தப் பெயர் நான் வைத்தது, படித்தது ஆங்கிலத்தில். கஜக் பாலைவெளியில் ஒரு சின்ன ரயில் நிறுத்தம். எடிகேய் என்ற ரயில்வேத் தொழிலாளி, இறந்துபோன நண்பனின் உடலை ஒட்டகமும் டிராக்டருமாகப் பழைய இடுகாட்டுக்குக் கொண்டுபோகிறான். அந்த இடுகாட்டுக்கு 'ஆனா பெயித்' என்று பெயர், தாயின் சமாதி. அங்கே புதைந்த தாய் யாரென்றால், எதிரிகள் பிடித்துப்போன தன் மகனைத் தேடி வந்தவள். எதிரிகள் கைதியின் மொட்டைத் தலையில் பச்சை ஒட்டகத் தோலை இறுக்கிக் கட்டி வெயிலில் போட்டுவிடுவார்கள். தோல் காயக் காய ஞாபகம் செத்துப்போகும். பிழைத்தவன் 'மன்குர்த்', சொன்ன வேலையைச் செய்கிற அடிமை. உன் தகப்பன் பெயர் தோனன்பாய் என்று தாய் மன்றாடுகிறாள். மகன் அம்பு விட்டு அவளைக் கொல்கிறான். அவளுடைய வெள்ளை முக்காடு பறவையாகி அந்தப் பெயரையே கூவிக்கொண்டு திரிகிறது. 'மன்குர்த்' என்ற சொல் பிற்பாடு சோவியத் நாடு முழுவதிலும் வேரை மறந்தவனுக்கு வசைச்சொல்லாகிவிட்டது.

ஊர்வலம் போய்ச் சேர்ந்தால் முள்கம்பி வேலி. இடுகாடு ராக்கெட் தளத்துக்குள் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் 1970-களில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து நிலம் கைமாறாத கிராமம் குறைவு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் நடுகல். ஆநிரை மீட்டுச் செத்தவனுடைய கல் எவருடைய சுற்றுச்சுவருக்கு உள்ளே போயிற்று, ஆடியில் பொங்கல் வைக்க யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்குவது என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. கிர்கீசியாவிலும் பூரானா கோபுரத்தடியில் முகம் செதுக்கிய பழைய கல் மனிதர்கள் நிற்கிறார்கள்.

வேலிக்குக் காவல் வருகிற அதிகாரி கஜக் இளைஞன். நம்மவன் என்ற சந்தோஷத்தில் எடிகேய் தாய்மொழியில் பேசுகிறான். தான் பணியில் இருப்பதாகவும், ருஷ்ய மொழியில் பேசும்படியும் அவன் உத்தரவிடுகிறான். மன்குர்த் யாரென்று ஆசிரியர் அதற்குமேல் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் இந்தக் காட்சியை ஐத்மாத்தவ் ருஷ்ய மொழியில் எழுதினார்! 'ஜமீலா'வைக் கிர்கீசிய மொழியில் எழுதியவர், 'குல்சாரி'யிலிருந்து ருஷ்யத்துக்குப் போய்விட்டார். அப்படியானால் அவரே மன்குர்த் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி சொந்தக் கேள்வி. என் வீட்டுப் பேச்சு தெலுங்கு. சந்தைப் பேச்சில் கன்னடமும் உருதுவும் உண்டு. நான் எழுதுவது தமிழ். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது ஓசூர் இந்தப் பக்கம் நின்றது. எங்கள் சமையலறைகள் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. கூட்டங்களில், 'நீங்கள் உங்கள் பாஷையில் ஏன் எழுதுவதில்லை?' என்று கேட்கிறார்கள். என் அவ்வா தெலுங்கில் வைத வசவுகளைத் தமிழில் எழுதித்தான் நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன். ஐத்மாத்தவின் தாயார் தாத்தாரியப் பெண்; தகப்பனைப் பெற்ற பாட்டி கிர்கீசியக் கதைகள் சொல்லி வளர்த்தவர்; பள்ளிக்கூடம் ருஷ்யம். தோனன்பாய் என்ற பெயரை அவர் எந்த மொழியில் எழுதினாலும் அது தோனன்பாய்தான். அதிகாரியின் குற்றம் ருஷ்யம் பேசியதல்ல. தெரிந்த பாஷையைத் தெரியாததாக நடித்தது.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. ருஷ்ய, அமெரிக்க விண்வெளிக்காரர்கள் வேற்றுக்கிரக மனிதர்களைச் சந்திக்கிற பகுதி மரத்தில் செதுக்கியதுபோல் விறைப்பாக நிற்கிறது. அந்தப் பக்கங்களை நான் இரண்டாம் முறை புரட்டிக்கொண்டே போனேன். பூமியைச் சுற்றி ராக்கெட்டுகளால் ஒரு வளையம் போடுவதும் தலையில் தோல் கட்டுவதும் ஒன்றே என்று காட்டுவதற்காக அதை வைத்திருக்கிறார். முள்கம்பி வேலியே அதைச் சொல்லிவிட்டதே!

1991-இல், கிர்கிஸ்தான் சுதந்திர நாடான அதே வருஷம், பிஷ்கேக்குக்கு வெளியே சோன்தாஷ் என்ற இடத்தில் ஒரு புதைகுழியைத் தோண்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உடல்கள். ஒரு காகிதத்தில் தோரேகுல் ஐத்மாத்தவ் மீதான குற்றப்பத்திரிகை மக்காமல் இருந்தது. ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து மகனுக்கு இடம் தெரிந்தது. அந்த நினைவிடத்துக்கு 'ஆதா பெயித்' என்று பெயர், தகப்பன்மார் சமாதி. 2008-இல் மகனையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

இந்த நாவலைத் தமிழில் பெயர்க்கிறவருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. வேலி ஓரத்தில் எடிகேய் பேசுவதும் தமிழாகிவிடும், அதிகாரி கேட்பதும் தமிழாகிவிடும். காட்சி செத்துப்போகும். ஓசூர்க்காரர் எவரிடமாவது அந்தப் பக்கத்தைக் கொடுத்தால் நல்லது. கிழவன் எந்தப் பாஷையில் ஆரம்பிப்பான், வாசலில் சீருடையோடு நிற்கிறவன் எந்தப் பாஷையில் பதில் சொல்வான் என்று அவருக்கு யோசிக்கவேண்டியிராது.