பழைய பெல்ட் வண்டி: அடியைப் பார்த்து வாங்குங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆர்கோ என்று ஒரு வண்டி செய்கிறார்கள். எட்டுச் சக்கரம். வேண்டுமென்றால் சக்கரங்களுக்கு மேலேயே ரப்பர் பெல்ட்டை மாட்டிக்கொள்ளலாம். சேற்றிலும் பனியிலும் போகும், ஏரிக்குள் இறக்கினால் மிதந்துபோய் அக்கரையில் ஏறும். டொரோண்டோ பக்கம் குடியேறிய சொந்தக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு அதில் உட்கார்ந்து வீடியோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாபநாசத்தில் அதைப் பார்க்கிறவருக்குக் கொள்ளிடத்து மணலும் முத்துப்பேட்டைச் சேறும் கண்முன்னே வந்து நிற்கின்றன. என் பெரியப்பா மகனுக்கு அப்படித்தான் வந்து நின்றன. பழசாக ஒன்று கிடைத்தால் குடும்பத்தோடு சுற்றலாமே என்றார்.

அந்த ஆசை துறைமுகத்தைத் தாண்டாது. பழைய வண்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் அது தயாராகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கவேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறக்கவேண்டும். வரி தனி. அப்படியே வந்து சேர்ந்தாலும், அலையாத்திக் காட்டுக்குள் சொந்த வண்டியை ஓட்ட வனத்துறை விடாது, விடவும் கூடாது. குடும்பத்தோடு முத்துப்பேட்டை பார்க்க ஜாம்பவானோடையில் படகு ஏறுவதே மேல்.

டெல்டாவில் ஒரு குடும்பம் நிஜமாகவே பழசாக வாங்கக்கூடிய, சேற்றில் புதையாத வண்டி ஒன்று உண்டு. நெல் அறுக்கும் பெல்ட் வண்டி. மிதக்காது, ஒரே ஒரு சீட்டுதான். ஆனால் 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்த மழையில், அறுக்க வேண்டிய நேரத்தில் சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடந்தபோது, டயர் வண்டிகளெல்லாம் ரோட்டோரம் நின்றுவிட்டன. வயலில் இறங்கியது இதுதான். அதைப் பார்த்தவர், ஆர்கோவுக்கு ஆசைப்பட்ட அந்தப் பெரியப்பா மகன் அண்ணன். ஆர்கோ போய், பெல்ட் வண்டி என்று பேச்சு மாறியது அப்படித்தான்.

புதையாததற்குக் காரணம் சின்னக் கணக்கு. வண்டி ஏறத்தாழ மூன்று டன். ஒரு பெல்ட் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் அகலம், தரையில் படிகிற நீளம் ஒன்றே முக்கால் மீட்டர் அளவு. இரண்டு பெல்ட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் பாரம் 200 கிராமுக்குள் அடங்கிவிடும். சேற்றில் நடக்கிற மனுஷன் ஒரு காலைத் தூக்கும்போது மற்றக் காலின் அடியில் விழுவது அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முழங்கால் வரை நாம் இறங்குகிற உளையில் மூன்று டன் இரும்பு மேலாகப் போவது இதனால்தான்.

எல்லாருக்கும் இது தேவையில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம், கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவில் மண் இளகல். காய்ந்த வயலில் டயர் வண்டியே வேகமாக அறுத்துத் தள்ளிவிடும், வாடகையும் குறைவு. பழைய டெல்டாவின் களிமண்ணிலும், வடிகால் சரியில்லாத திருத்துறைப்பூண்டிக் கடைமடையிலும்தான் பெல்ட்டுக்கு மதிப்பு.

நெல் அறுக்கும் பெல்ட் வண்டி என்றால் குபோட்டா, யான்மார், கிளாஸ் என்று சில பெயர்கள்தான் இங்கே அடிபடும். நாங்கள் பார்க்கப்போனது அவற்றில் ஒன்று. ஆத்தூர்ப் பக்கத்து முதலாளி, சீசனுக்காக அம்மாபேட்டைக்குக் கொண்டுவந்து ஓட்டிக்கொண்டிருந்தார். பதினொன்றரை லட்சம் சொன்னார். புதுசு இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் போகிற காலத்தில் அது ஆசை காட்டுகிற விலை. தாளடி அறுப்பு நடக்கிற வயலிலேயே பார்க்கச் சொன்னது எங்களுக்கு வசதி. கழுவித் துடைத்து நிறுத்தியிருக்கும் வண்டியைப் பார்ப்பது பெண்பார்க்கும் படலம் மாதிரி, பவுடருக்குப் பின்னால் இருப்பது தெரியாது.

தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போயிருந்தோம். அண்ணன் மீட்டரைப் பார்க்கப்போனார். "மீட்டரு கெடக்கட்டும்ணே, அத யாரு வேணா மாத்தலாம். பெயின்ட்ட நான் அடிச்சித் தர்றேன். மொதல்ல அடியில பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் சேற்றில் மண்டிபோட்டுவிட்டார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த அடிப்பக்கத்தில்தான்.

பெல்ட்டின் உள்புறம் 450×90×51 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது உள்ளே பதிந்த ஓர் இரும்புக் கட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், இரண்டுமே மில்லிமீட்டரில். மூன்றாவது கட்டைகளின் எண்ணிக்கை. இடது வலது இரண்டிலும் ஒரே எண், ஒரே தேய்மானம் இருக்கவேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். நாங்கள் பார்த்ததில் வெளிப்புறப் பற்கள் பாதிக்குமேல் மிச்சமிருந்தன. நல்லதுதான் என்று நினைப்பதற்குள் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை ஒரு வெடிப்பில் நுழைத்து நெம்பினார். உள்ளே எஃகு நூல் துருவேறித் தெரிந்தது. அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் நூல் இற்று, நடுவயலில் ஒருநாள் பெல்ட் அறுந்து நிற்கும். ஜோடி மாற்றினால் லட்சத்தைத் தாண்டும்.

அடுத்தது ஸ்ப்ராக்கெட். பல் நேராக இருந்தால் சரி, கொக்கிபோல ஒரு பக்கம் வளைந்திருந்தால் புதுப் பெல்ட்டையும் அது தின்றுவிடும். இதில் லேசாக வளையத் தொடங்கியிருந்தது. ரோலர்களை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்த்தார். இரண்டில் ஆயில் சீல் கசிவு. சேறு உள்ளே போய்விட்டதென்றால் பேரிங் போய்விட்டது என்றே அர்த்தம். இது வண்டி செய்தவரின் குற்றமில்லை. இரவு வேலை முடிந்ததும் தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவாமல் காயவிட்டால் எந்த வண்டிக்கும் இதே கதிதான்.

இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயில் மூடியைத் திறந்துவைத்து ஓட்டினார்கள், புகை பெரிதாக இல்லை. ரேடியேட்டர் வலையில் தூசு அப்பியிருந்ததைத் தட்டிவிட்டால் போதும். வண்டியின் போக்கைத்தான் சூடான பிறகு சோதிக்கவேண்டும். இந்த வண்டிகளில் கியர் மாற்றி மாற்றி ஓட்டுவதில்லை. ஹைட்ராலிக் ஆயிலின் அழுத்தத்தால் நகர்கிறது, லீவரை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகம். காலையில் எல்லா வண்டியும் பாய்ந்துதான் போகும். பம்ப் தேய்ந்திருந்தால் ரெண்டு மணி நேரம் அறுத்தபின் வரப்பு ஏறும்போது திணறும். இது திணறவில்லை. டிரெய்லரில் ஏற்றச் சொன்னோம். தார் ரோட்டில் பெல்ட்டை ஓட்டினால் ரப்பர் தேய்ந்துபோகும் என்பதால் ஊர்விட்டு ஊர் போக டிரெய்லர் கட்டாயம். அந்தச் சரிவிலும் நிதானமாக ஏறியது.

அறுப்பைச் சோதிக்க வழி லேசு. வைக்கோல் விழும் இடத்தில், வண்டி கடந்துபோன கையோடு ஒரு சாக்கை விரித்து, விழுந்ததை முறத்தில் புடைத்துப் பாருங்கள். கருக்காயும் பதரும் மட்டும் வந்தால் சல்லடையும் காற்றாடியும் சரியாக வைக்கப்பட்டிருக்கின்றன. கைநிறைய முற்றிய நெல் வந்தால் உங்கள் நெல் வயலிலேயே போகிறது. நின்ற பயிரில் இந்த வண்டி சுத்தமாக அறுத்தது. சாய்ந்து கிடந்த மூலையில் டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் போனதும் நெல் கொட்டியது. டிரைவரைப் பொறுத்த குறை அது என்றார்கள். சரி, ஆனால் மணிக்கணக்கில் வாடகை வாங்குகிற தொழிலில் டிரைவரும் வண்டியின் ஒரு பாகம்தானே.

பெல்ட் வண்டியிடம் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல் வேறு. டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே நிற்கிற பயிருக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவது வழக்கம். ஈரத்தில் முளைத்து, பனியிலேயே வளர்ந்துவிடும். கையால் அறுத்த காலத்துக்கு அது பொருத்தம். இப்போது வண்டி நேராகப் போகும்வரை பெல்ட் தடம் முளையை அமுக்கத்தான் செய்கிறது, கொஞ்சம் தலைதூக்கும். திரும்பும் இடம்தான் மோசம். ஒரு பெல்ட்டை நிறுத்தி மற்றதை ஓட்டித் திருப்புவதால் களிமண் உரிந்து பள்ளமாகிவிடுகிறது, அந்த இடத்தில் உளுந்து இல்லை. டயர் வண்டி ஈர வயலில் போடும் ஆழத் தடத்தோடு ஒப்பிட்டால் இது தேவலை என்பது உண்மை. நல்ல டிரைவர் முன்னும் பின்னுமாக எடுத்து அகலமாகத் திருப்புவார். அவசரக்காரர் நின்ற இடத்திலேயே சுற்றுவார்.

மழைநாளில் அறுக்க முடிவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஈர நெல்லை அறுத்துவிடலாம், ஆனால் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் கணக்கு. ஒவ்வொரு மழைக்கும் தளர்வு கேட்டு மனுப் போடவேண்டியிருக்கிறது. வண்டி வாங்குகிறவர் நெல் காயவைக்கக் களத்துக்கும் தார்ப்பாய்க்கும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

காசுக் கணக்குக்கு வருவோம். ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நின்ற பயிரென்றால் ஏக்கருக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும், சாய்ந்ததென்றால் இரட்டிப்பு. ஒரு வேலி வைத்திருப்பவர் இரண்டு போகம் அறுத்தாலும் வருஷத்துக்கு இருபது மணி நேரம் ஓடினால் அதிகம். மீதி நாளெல்லாம் கொட்டகையில் எலிக்கு ஒயர் தீனி. பங்காளிகளும் அக்கம்பக்கமும் சேர்ந்து பதினைந்து வேலி இருந்தால், இரண்டு போகத்துக்கு இருநூறு மணி நேரம் கிடைக்கும். வாடகை மணிக்கு 2,500 என்று வைத்துக்கொண்டால் ஐந்து லட்சம் மிச்சம். மணிக்கு ஒன்பது பத்து லிட்டர் டீசல், டிரைவர் சம்பளம், டிரெய்லர் வாடகை எல்லாம் போய் இரண்டு லட்சத்துச் சொச்சம் நிற்கும். அதில்தான் ரிப்பேரும் வட்டியும். வெளி வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்றால் மணிக்கு இவ்வளவு என்று புரோக்கருக்குக் கமிஷன், ராத்திரி பகலாகப் பின்னால் அலைச்சல். அது வேறு தொழில், விவசாயத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடியதில்லை. ஒரு வேலி, ரெண்டு வேலிக்காரர் வேளாண் பொறியியல் துறை வண்டிக்கு உழவன் செயலியில் முன்பதிவு செய்துவிட்டு, கிடைக்காத நாளுக்குத் தனியார் வண்டியைப் பேசிவைப்பதே புத்திசாலித்தனம்.

அண்ணனுக்குப் பங்காளிகள் நிறைய, அதனால் வாங்குகிற யோசனை இன்னும் இருக்கிறது. அண்ணி மட்டும், "இதுல ஏறி வேளாங்கண்ணிக்கா போகமுடியும்?" என்று கேட்டுவிட்டார். பிள்ளைகளை ஒருதரம் மேலே ஏற்றி போட்டோ எடுத்ததோடு சரி. கத்தியும் சங்கிலியும் சுற்றும் வண்டி, ஓடும்போது டிரைவரைத் தவிர யாரையும் ஏற்றக்கூடாது.

பெல்ட் ஜோடி, ரெண்டு ரோலர், ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் கழித்து எட்டே முக்கால் கேட்டோம். பத்துக்குக் கீழே இறங்கமாட்டேன் என்றார் முதலாளி. பைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் ஒரிஜினல் பில்லும் கையில் வராமல் அட்வான்ஸ் இல்லை என்று நாங்களும் எழுந்துவிட்டோம். சம்பா, தாளடி முடிந்து மார்ச் கடைசியில் வண்டிகளெல்லாம் சும்மா நிற்கத் தொடங்கும், தவணை மட்டும் நிற்காது. விலை பேச ஏப்ரல், மேதான் நல்ல மாசம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்ற சேதி வந்துவிட்டால், அதே வண்டிக்கு அதே ஆள் அரை லட்சம் கூட்டிச் சொல்வார்.