விடை சொன்ன பையன்

வகுப்பிலே வாய் திறவாத பிள்ளையை மந்தம் என்கிறோம். சட்டென்று எழுந்து விடை சொல்கிறவனைக் கெட்டிக்காரன் என்கிறோம். இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பதை 1854-ல் டிக்கன்ஸ் எழுதிய ‘ஹார்ட் டைம்ஸ்’ போல வேறொரு நாவல் எனக்குக் காட்டியதில்லை.

கதை பள்ளிக்கூடத்தில்தான் ஆரம்பமாகிறது. அதை நடத்தும் கிராட்கிரைண்டுக்குப் பிள்ளைகள் வெறும் பாத்திரங்கள். தகவல்களை ஊற்றி நிரப்ப வேண்டியதுதான். குதிரை என்றால் என்ன என்று சிஸ்ஸியைக் கேட்கிறார். சர்க்கஸ்காரன் மகள், குதிரைகளோடு வளர்ந்தவள். அவளுக்குச் சொல்ல வரவில்லை. பிட்ஸர் என்ற பையன் எழுந்து, நாலு கால், 40 பல் என்று ஒப்பிக்கிறான். வாயைத் திறந்தவன் அவன்தான். ஆனால் ஊற்றியதைத் திருப்பி ஊற்றியதைத் தவிர அவன் என்ன செய்தான்?

யோசிக்கிறவள் சிஸ்ஸி. ஒரு தேசத்தில் ஐந்து கோடி பவுன் இருந்தால் அது செழிப்பான தேசம்தானே என்கிறார் உபாத்தியாயர். பணம் யார் கையில் இருக்கிறது, தனக்கு அதில் பங்குண்டா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்கிறாள் அவள். பொருளாதாரத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான். வகுப்பிலே அது தப்பு விடை. அவளும் அப்படியே நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிராட்கிரைண்டின் மகளிடம் சொல்லுகிறாள். நாவலில் என்னை மிகவும் வருத்திய இடம் இது.

கடைசியில், வங்கியில் திருடிய மகனைத் தப்பவிடும்படி கிராட்கிரைண்ட் பிட்ஸரிடம் கெஞ்சுகிறார். அவர் சொல்லிக்கொடுத்த சுயநலக் கணக்கையே அவருக்கு ஒப்பிக்கிறான் அவன். அவனை வண்டியிலேயே விடியும்வரை நிறுத்திவைப்பவை ஒரு சர்க்கஸ் நாயும், நின்ற இடத்திலேயே ஆடும் ஒரு குதிரையும்! பல்லை எண்ணியவனுக்குக் குதிரையை ஓட்டத் தெரியவில்லை.

ஆனாலும் டிக்கன்ஸிடம் எனக்கொரு குறை உண்டு. போகப் போக சிஸ்ஸியை அன்பே வடிவான பெண்ணாக்கிவிடுகிறார். அந்தக் கேள்வியைக் கேட்ட மூளை என்ன ஆயிற்று? அதற்கு இடம் தரும் வகுப்பு எப்படி இருக்கும் என்று அவர் காட்டவே இல்லை. படிப்பு வராவிட்டால் என்ன, நல்ல மனசு இருக்கிறதே என்பது கிராட்கிரைண்டுக்கே விட்டுக்கொடுப்பது. சிஸ்ஸிக்கு மனசு மட்டுமல்ல, அறிவும் இருந்தது. அதைத்தான் அந்த உபாத்தியாயர் தப்பென்று அடித்துவிட்டார்.