விருந்தும் புலனும்: மாணவர் படைக்கும் பாடற் காணொளியில் மரபும் மீறலும்

மரபை மீறுதல் என்பது இளைஞர்க்கு இனிக்கும் சொல்; ஆசிரியர்க்கோ சற்றே அச்சம் தரும் சொல். ஆயினும், மரபு இன்னதென அறியாத ஒருவன் அதனைப் பின்பற்றவும் இயலாது, மீறவும் இயலாது. தன் கண்முன் கிடப்பதைப் படியெடுப்பது ஒன்றே அவனுக்கு இயலும். முன்னாளில் கையெழுத்து இதழ் நடத்திய பருவத்து மாணவர், இன்று கைப்பேசியைக் கொண்டு பாட்டெழுதிப் பாடிப் படமும் பிடித்துப் பாடற் காணொளியாக்கி விடுகின்றனர். இப்படைப்பைத் தமிழாசிரியர் எந்த அளவுகோலால் அளப்பது? 'சினிமாக் கூத்து' என ஒதுக்குவதும், 'பிள்ளைகளின் திறமை' எனக் கைதட்டி விடுவதும் திறனாய்வு ஆகமாட்டா.

இவ்வினாவைத் தேர்விலேயே வைத்துக் கேட்ட நாடு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் 2008-ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்திய ஊடகக் கல்விப் பாடத்திட்டத்தில், பல்கலைக்கழகத்திற்கு முந்திய வகுப்பு மாணவர் மேற்கொள்ளத்தக்க செய்முறைப் பணிகளுள் பாடற் காணொளியும் ஒன்றாக இருந்தது. தனித்தோ சிறு குழுவாகவோ மாணவர் ஒரு பாடலுக்குக் காணொளி எடுத்து, அதனுடன் இசைத்தட்டின் உறையையும் இதழ் விளம்பரத்தையும் வடிவமைத்தனர். பின்னர்த் தம் படைப்பைத் தாமே மதிப்பிட்டனர். புழக்கத்திலுள்ள ஊடகப் படைப்புகளின் வடிவங்களையும் மரபுகளையும் உம் படைப்பு எவ்வாறு கையாள்கிறது, எவ்வாறு வளர்க்கிறது, எவ்விடத்தில் எதிர்க்கிறது என்பதே அம்மதிப்பீட்டின் முதல் வினா.

வினா நல்ல வினா. அதற்கு விடையெழுத அங்குள்ள ஆசிரியர்கள் பெரிதும் துணைகொண்டவர் ஆண்ட்ரூ குட்வின் என்னும் ஆய்வாளர். 1981 ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற எம்.டி.வி. தொலைக்காட்சி, பாடற் காணொளியைத் தனியொரு கலைவகையாக நிலைபெறச் செய்தது. அவ்வகையை ஆராய்ந்து 1992-இல் குட்வின் எழுதிய நூலிலிருந்து சில அடிப்படைகள் வகுப்பறைக்கு வந்தன. ஒவ்வோர் இசைவகைக்கும் உரிய காட்சிக் கூறுகள் உண்டு. பாடகரின் முகத்தை அண்மையில் காட்டுவது விற்பனையாளரின் தேவை. பிற படங்களை நினைவூட்டும் காட்சிகள் இடம்பெறும். இவற்றினும் பயனுடையது, சொல்லுக்கும் காட்சிக்கும் உள்ள உறவை அவர் மூன்றாகப் பகுத்தமை. காட்சி, சொல்லை விளக்கலாம், சொல்லாததையும் சேர்த்து விரிக்கலாம், சொல்லோடு முரணலாம். நிலவு என்று பாடுமிடத்து நிலவைக் காட்டுவது முதல் வகை. பயில்வோர் படைப்புகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன.

எனினும், இங்கிலாந்தின் அளவுகோலில் ஒரு குறை உண்டு. சந்தையில் விற்கும் பொருள்களின் வழக்கமே அங்கு மரபு எனப்படுகிறது. சந்தைக்கு வராத பாட்டின் மரபு அக்கணக்கில் சேர்வதில்லை. நமக்கு இது பெருங்குறையாகும். நம் பாட்டிமார் பாடியவற்றுள் இசைத்தட்டு ஏறாதவையே மிகுதி.

இவ்விடத்தில் தொல்காப்பியம் நமக்குக் கைகொடுக்கிறது. செய்யுளியல் கூறும் எட்டு வனப்புகளுள் மூன்றனை இங்கு நினைவுகூரலாம். புதிதாகப் புனையப்படும் யாப்பினை 'விருந்து' என்றார் தொல்காப்பியர். ஆராய்ந்து பொருள் காண வேண்டாதபடி, மக்கள் வழங்கும் சேரிமொழியால் அமைவதனைப் 'புலன்' என்றார். உரையோடு கலந்து பழமையைச் சொல்லுவதனைத் 'தொன்மை' என்றார். புதுமையும் பேச்சுமொழியும் பழங்கதையும் ஒருங்கே வனப்பு எனப் போற்றப்பட்டமை கருதத்தக்கது. புதியது வருதலை வனப்பென்ற இலக்கணம், கொச்சை எனப் பலர் ஒதுக்கும் மொழிக்கும் அவ்விருக்கையே அளித்தது. காலத்தால் பழையன நீங்குதலும் புதியன சேர்தலும் குற்றமாகா என்று நன்னூலாரும் பின்னாளில் உடன்பட்டார்.

இவ்வளவுகோலைக் கொண்டு தமிழ்ப் பாடற் காணொளியை நோக்குவோம். நம்மிடையே இவ்வகையின் தாய் திரைப்படப் பாடலே. நாயகன், நாயகி, கதையை நிறுத்திவிட்டு வரும் ஆடல், பாட்டின் நடுவே மாறும் உடை, தொலைதூர நிலக்காட்சி ஆகியவை அதன் மரபுகள். 2011 நவம்பரில் வெளியான '3' திரைப்படத்தின் 'கொலவெறி' பாடல் இவற்றைத் துறந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகர் நின்று பாடுவதே காட்சியாக அமைந்தது. மொழியும் தமிழும் ஆங்கிலமும் கலந்த தெருமொழி. அஃது அன்று மீறல். ஆனால் ஒலிப்பதிவுக் கூடக் காட்சி விரைவிலேயே விளம்பரத்தின் வாடிக்கையான உத்தியாகி விட்டது. மீறல் என்பது ஒருமுறையே மீறல். இரண்டாம் முறை அது மரபு. ஆதலின், 'புதுமையாகச் செய்தேன்' என்னும் மாணவரிடம், 'எதற்குப் புதுமை?' என்று கேட்டல் வேண்டும்.

நம் மலேசிய மண்ணிலும் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பு, தமிழ்ச் சொல்லிசைக்குப் பரந்த கவனத்தைத் தேடித் தந்தது. அதில் இடம்பெற்ற 'மடை திறந்து' என்னும் பாடல், 1980-இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்தில் இளையராசா இசையமைத்த பாடலை அடியாகக் கொண்டது. பழைய பாடலை விட்டுவிடாமல் அதன்மேல் தம் பேச்சையும் தாளத்தையும் ஏற்றியமை, மரபைக் கைக்கொண்டே வளர்த்தமைக்குச் சான்று. ஆயினும் அங்கு அடியாக நின்றதும் திரைப்பாடலே என்பதை மறத்தற்கில்லை.

திரைக்கு வெளியே வேர்பிடித்த படைப்பாக 2021 மார்ச்சு மாதம் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யைச் சொல்லலாம். தீ, அறிவு ஆகியோர் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசைப்பொறுப்பில் உருவானது. அமித் கிருஷ்ணன் இயக்கியது. இதற்கு ஊற்றாக இருந்தவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பியவர் அவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாத்திரி உடன்படிக்கை, தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எண்ணாக எழுதப்பட்ட அம்மக்களின் கதையே இப்பாட்டின் தொன்மை.

இக்காணொளி மரபைப் பின்பற்றுமிடங்கள் வெளிப்படை. பாடகர் கண்ணை நோக்கிப் பாடுகின்றனர், ஆடல் உண்டு, கண்ணைக் கவரும் ஆடையணி உண்டு, மீண்டும் மீண்டும் ஒலித்து நாவில் ஒட்டும் தொடர் உண்டு. எதிர்க்குமிடங்கள் உள்ளீட்டில் உள்ளன. காதலுக்குரிய இடத்தில் நிலமும் முன்னோரும் வருகின்றனர். துள்ளும் தாளத்தினுள் ஒப்பாரியின் குரல் புகுகிறது. நாயகியின் முகத்தை எதிர்பார்த்த கண்ணுக்குப் பாட்டியின் முகம் காட்டப்படுகிறது. 'என் சாமி' என்பது ஆண்டையை நோக்கிக் கைகட்டி நின்றோர் சொல்லிய சொல். பேரனை மடியிலிட்டுக் கொஞ்சும் கிழவியின் சொல்லும் அதுவே. பணிவின் சொல்லை அன்பின் சொல்லாக மீட்டெடுக்கும் அத்தலைப்பே புலனுக்குத் தக்க எடுத்துக்காட்டு. புற மரபைப் பின்பற்றியமையாலேயே அதன் அக எதிர்ப்பு உலகெங்கும் சென்றது என்பது என் துணிபு. எல்லாவற்றையும் ஒருங்கே மீறியிருந்தால் கேட்போர் அகன்றிருப்பர்.

இனி நம் ஊருக்கு வருவோம். மலாக்கா மாநிலம் நெகிரி செம்பிலானைத் தொடும் எல்லையில் உள்ளது லூபோக் சீனா. அவ்வட்டாரத்து மாணவர் ஒருவர் பாடற் காணொளி எடுக்க முனைவதாகக் கொள்வோம். அவர்முன் இரு வழிகள் உள்ளன. சென்னைத் திரைப்பாடலைப் போல் கறுப்புக் கண்ணாடி அணிந்து, வாடகை மகிழுந்தின்மேல் சாய்ந்து, தாம் வாழாத ஒரு வாழ்வைப் பாடுவது ஒரு வழி. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, வாளி சுமந்து பால்மரம் வெட்டிய பாட்டியிடம் சென்று, அவர் நினைவிலுள்ள தாலாட்டையோ ஒப்பாரியையோ கேட்டு வருவது மற்றொரு வழி. இரண்டாம் வழியிலும் இடர் உண்டு. ரப்பர் என்று பாடும்போது ரப்பர் மரத்தையும், கண்ணீர் என்று பாடும்போது கண்ணீரையும் காட்டினால் அது வெறும் விளக்கமாகிவிடும். லயவீடுகள் நின்ற இடத்தில் இன்று வரிசையாக நிற்கும் செம்பனையைக் காட்டிக்கொண்டு, அதன்மேல் அவ்வீட்டில் பாடிய தாலாட்டை ஒலிக்கவிட்டால், சொல்லும் காட்சியும் முரண்பட்டு, இரண்டும் சொல்லாத பொருள் ஒன்று பிறக்கும். உறுமியின் அடி அங்கே சொல்லிசையின் தாளமாகலாம். செலவு ஏதுமின்றி, வாழ்ந்த இடமே களமாகிறது.

இவ்விரண்டாம் வழியை வற்புறுத்தக் காரணம் உண்டு. தோட்டத்தை விட்டு மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபின், அங்குக் கூடிப் பாடும் வாய்ப்பும் உடன் குறைந்தது. எழுதி வைக்கப்படாத பாட்டு, பாடியவரோடு போய்விடும். திரைமரபைப் படியெடுக்கும் காணொளி ஒன்று கெட்டால் இழப்பில்லை, ஆயிரம் உள. ஒரு மூதாட்டியின் பாட்டுக் கேட்பாரின்றிப் போனால் அதற்கு ஈடு இல்லை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். 2022 சூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடுத் தொடக்க விழாவில், அறிவு இல்லாமலே 'எஞ்சாமி' மேடையேறியது. அப்பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் வழக்கு அதன்பின் வெளிப்படையாக எழுந்தது. தீர்ப்புக் கூறுதல் இக்கட்டுரையின் வேலையன்று. நாம் கற்க வேண்டுவது வேறு. நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பது ஏட்டு மரபு. ஆனால் அதனை நமக்குப் பாடித் தந்தவருக்குப் பெயர் உண்டு. மாணவரின் காணொளி முடிவில் இசையமைத்தவர், ஒளிப்பதிவு செய்தவர் பெயர்களுக்கு முன்னே, பாட்டைத் தந்த பாட்டியின் பெயர் அவர் இசைவோடு இடம்பெறட்டும். மாணவர் மீறத்தக்க மரபுகளுள் முதன்மையானது, உழைத்தவர் பெயரை விட்டுவிடும் அம்மரபே.

ஆகவே, வகுப்பில் ஒரு காணொளி காட்டப்படுங்கால் தமிழாசிரியர் மூன்று வினாக்களை எழுப்புவாராக. இதில் விருந்து யாது. எந்தப் பழைய வடிவத்திற்கு மாறாக இது புதிது? இதில் புலன் யாது. நம் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் மொழி இதில் கேட்கிறதா? இதில் தொன்மை யாது. யாருடைய பழமை, யார் பெயரால் சொல்லப்படுகிறது? இம்மூன்றற்கும் விடை சொல்ல வல்ல மாணவர், கைப்பேசியைக் கையில் எடுக்குமுன் பாட்டியின் அருகில் சென்று அமர்வார். அங்குத்தான் அவர் படைப்புத் தொடங்கும்.