சேறு கேட்கும் சக்கரம்

புரட்டாசியில் வேளாங்கண்ணியைத் தாண்டித் திருப்பூண்டிப் பக்கம் போகிறவர்கள், சம்பா நடவுக்குச் சேடை ஓட்டும் டிராக்டரின் பின்சக்கரத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வண்டியின் அழகே அங்கேதான்.

டயரின் பக்கவாட்டில் 13.6-28 என்று இருக்கும். அகலம் 13.6 அங்குலம், உள்ளே ரிம்மின் விட்டம் 28. அதே விட்டத்தில் 14.9 மாட்டினால் தடம் விரியும், பாரம் பரவும், கடைமடைக் களிமண்ணில் புதைவது குறையும். ஆசைப்படத் தகுந்த மாற்றம்தான். ஆனால் உயரமும் கூடுவதால், அதே கியரில் வேகம் ஏறி இழுவை குறையும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இன்னும் நுட்பம். முன்சக்கரம் பின்னதைவிடச் சில சதவீதம் முந்தி ஓடும்படி பல்சக்கரக் கணக்கு போட்டிருப்பார்கள். பின்னால் மட்டும் பெரிதாக்கினால் அந்த முந்தல் போய்விடும். இழுக்க வேண்டிய முன்சக்கரம் தடையாக மாறும். கெட்டித் தரையில் கியர்ப்பெட்டிதான் அடி வாங்கும். மாற்றினால் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

என் மனம் கவர்ந்தது கேஜ் வீல். டயரோடு இணைத்துப் பூட்டும் அந்த இரும்புக்கூண்டு மிதக்கவும் வைக்கும், பட்டைகளால் தொளியைக் கலக்கவும் செய்யும். ஒரே உருப்படியில் இரண்டு வேலை! தார்ச்சாலையில் ஏறினால் சாலையைக் கிழித்துவிடும் என்பதால், சாலைக்கு வரும் முன் கழற்றியாக வேண்டும்.