திரைக்குப் பின்னால் நின்ற கருப்பு

எலவனாசூர்கோட்டையில் எங்கள் தெருவில் அப்போது கேபிள் இணைப்பு இருந்தது மூன்று வீடுகளில்தான். ‘விடாது கருப்பு’ வருகிற ராத்திரியில் அந்த மூன்று வீட்டு வாசலிலும் செருப்பு குவிந்து கிடக்கும். தொடர் முடிந்து எழுத்து ஓடும்போது ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். தனியாக வீடு திரும்ப யாருக்கும் தைரியம் இல்லை. நாலைந்து பேராகச் சேர்ந்துதான் கிளம்புவோம். ஊர் எல்லையில் ஐயனார் கோயில் இருக்கிற பக்கம் வீடு உள்ளவர்களுக்குத் துணைக்கு இரண்டு பேர் கூடுதலாகப் போவார்கள். அங்கே சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கும். பகலில் அவற்றின் காலடியில் உட்கார்ந்து புளியங்காய் தின்றவர்கள்தான் நாங்கள். அந்தத் தொடர் வந்த பிறகு இருட்டில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

இந்தப் பத்தியில் கபடியையும் கிரிக்கெட்டையும் அலசுவது வழக்கம். இந்த வாரம் ஒரு நடிப்பை அலசுகிறேன். அளவுகோல் அதேதான். யார் எங்கே நின்றார், எப்போது நகர்ந்தார், எதை வெளியே காட்டாமல் வைத்திருந்தார் என்று பார்ப்பது.

முதலில் அணியைச் சொல்லிவிடுகிறேன். ‘மர்மதேசம்’ என்ற வரிசையை எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். இயக்கியவர் நாகா. தயாரித்தது கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள். பாலசந்தரின் மகன் பால கைலாசத்தின் கை அந்த நிறுவனத்தில் பெரிது. 1990களில் சன் தொலைக்காட்சியில் முதலில் ‘ரகசியம்’ வந்தது, அடுத்து ‘விடாது கருப்பு’. இரண்டாவதற்கு மூலம் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ நாவல். சேத்தன், தேவதர்ஷினி, பூவிலங்கு மோகன், ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மோகனாவின் தாயாக வந்தவரும் பழைய தலைமுறை நடிகையுமான சி.கே.சரஸ்வதி என்று கூட்டம் பலமானது. சிறுவன் ராசுவாக நடித்தவர் லோகேஷ்.

கதை இரண்டு காலங்களில் மாறி மாறி ஓடும். ஒன்று தோட்டக்காரமங்கலம் என்ற கிராமத்தில் ராசுவின் சிறுவயது. இன்னொன்று அவன் வளர்ந்து ராஜேந்திரனாக இருக்கிற காலம். தப்பு செய்தவர்களை ஊர்க்காவல் தெய்வமான கருப்பு தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. கொலை நடக்கிறது. செய்தது தெய்வமா, மனிதனா? பிளவுபட்ட மனம் என்கிற மருத்துவ விளக்கத்தையும் ஊரின் நம்பிக்கையையும் ஒரே தராசில் வைத்துக்கொண்டே தொடர் நகர்கிறது. ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ இரண்டும் 2005-ல் வந்து இந்த மனநோயைத் தமிழ்நாட்டில் வீட்டுப் பேச்சாக்கின. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சின்னத்திரை அதைச் செய்துவிட்டது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் பகுதி தெருக்கூத்து மண். விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை பாரதக் கூத்து நடக்காத கிராமத்தைத் தேடத்தான் வேண்டும். கூத்தில் ராஜ வேடம் சபைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். துரியோதனன் அதற்குப் பின்னால் இருப்பான். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். மத்தளம் ஏறும், முகவீணை கத்தும், ஆள் மட்டும் வெளியே வரமாட்டான். துணிக்குப் பின்னாலிருந்தே பாடுவான், ஆடுவான். சபை பொறுமை இழக்கிற நேரம் பார்த்துத்தான் துணி விலகும். எங்கள் ஊருக்குக் கூத்தாட வரும் வாத்தியார் ஒருவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, துணி வெலகினதுக்கு அப்புறம் துரியோதனன் வெறும் மனுஷன்தான். துணிக்குப் பின்னாடி நிக்கிறப்பதான் அவன் ராஜா.”

நாகா செய்தது இதைத்தான். ‘விடாது கருப்பு’ தொடரில் குதிரையின் குளம்பொலி முதலில் வரும். அப்புறம் புழுதி, அப்புறம் இருட்டில் ஓர் உருவம். முகத்துக்கு முன்னால் துணியைப் பிடித்துக்கொண்டு தொடர் வாரக்கணக்கில் நின்றது. கபடியில் தொட்டுவிட்டு ஓடிவருகிறவன் நல்ல ஆட்டக்காரன். பாடிப் போன 30 விநாடியில் யாரையும் தொடாமலே எதிரணி ஏழு பேரையும் கடைசிக் கோடு வரைக்கும் பின்வாங்க வைக்கிறவன் அவனைவிடப் பெரிய ஆட்டக்காரன். கருப்பு அப்படித்தான் எங்களைச் சுவரோரம் ஒதுக்கியது.

சேத்தனின் நடிப்பில் என்னைக் கட்டிப்போடுவது அவர் கடைப்பிடித்த அடக்கம். இரட்டை மனம் கொண்ட பாத்திரம் கையில் கிடைத்தால் எந்த நடிகருக்கும் இரண்டு குரல், இரண்டு நடை, இரண்டு முகம் என்று காட்டிவிடத் தோன்றும். அவர் ராஜேந்திரனை ஒரு சாதாரண மனிதனாக, கொஞ்சம் களைத்தவனாக, தனக்குள் ஏதோ சரியில்லை என்று அறிந்தும் சொல்லத் தெரியாதவனாக வைத்திருந்தார். உள்ளே இருக்கிற இன்னொருவனுக்கு அவர் முன்கூட்டியே எந்தச் சாடையும் காட்டவில்லை. அதனால்தான் உண்மை உடைகிறபோது முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப நினைத்துப் பார்க்கிறோம். தேவதர்ஷினிக்கும் அவருக்கும் இடையிலான காட்சிகளில் ஒருவர் பேச ஒருவர் கேட்கும் விதமே தனி. இருவரும் பின்னாளில் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். தேவதர்ஷினி 2011-ல் ‘காஞ்சனா’வில் நம்மைச் சிரிக்க வைத்தார். தமிழில் பேய்க்கதை சிரிப்புக் கதையாக மாறிப்போன வரலாறும் அந்த இரண்டு வேடங்களுக்கு நடுவில் இருக்கிறது. எனக்கு அந்த மாற்றத்தில் வருத்தம் உண்டு.

ஆனால் ஆட்ட நாயகன் யார் என்று கேட்டால் என் ஓட்டு லோகேஷுக்கு. ஊர் முழுக்க பயப்படுகிறது, பெரியவர்கள் கத்துகிறார்கள், சாமி ஆடுகிறார்கள். நடுவில் ஒரு சிறுவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறான். குழந்தை நட்சத்திரங்களிடம் வழக்கமாக வாங்கப்படும் துடுக்குப் பேச்சு அவனிடம் இல்லை. பயந்த குழந்தை எப்படிப் பேச்சை விழுங்குமோ அப்படி விழுங்கினான். வளர்ந்த ராஜேந்திரனின் நோய்க்கு வேர் எங்கே என்ற கேள்விக்கு விடை அந்த முகத்தில்தான் இருந்தது. அந்த முகம் பொய்யாக இருந்திருந்தால் சேத்தன் எவ்வளவு நன்றாக நடித்தும் கதை நின்றிருக்காது. லோகேஷ் 2022-ல், 34 வயதில் இறந்துபோனார். செய்தித்தாள்கள் அவரைக் ‘குட்டி ராசு’ என்றே எழுதின. இத்தனை ஆண்டு கழித்தும் அந்தப் பெயர் நிலைத்திருந்தது.

இந்த நடிப்பை இன்று நாம் எந்த நிலையில் பார்க்கிறோம் என்பதுதான் என் கவலை.

தொடர் யூடியூபில் பாலசந்தரின் பட நிறுவனமான கவிதாலயாவின் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இது பெரிய காரியம், நன்றி சொல்ல வேண்டியது. சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் இன்று இதைப் பார்த்துப் பயப்பட முடிகிறது. ஆனால் பயம் இருட்டில் இருக்கிறது. இந்தத் தொடரின் முக்கியமான காட்சிகள் இரவுக் காட்சிகள். இணையத்துக்காகச் சுருக்கப்பட்ட காட்சியில் முதலில் சாவது இருட்டுதான். கருமைக்குள் இருக்கும் பத்துப் பதினைந்து சாயல்களும் ஒன்றாகி, சதுரம் சதுரமாக ஊர்கின்றன. மரத்தடியில் நிற்கிற மனிதன் மரமாகிவிடுகிறான். சிறுவனின் முகத்தில் கன்னத்தசை இழுபடுவது தெரியாமல் போகிறது. நாம் பார்ப்பது நடிப்பின் எலும்புக்கூடு.

சென்ற மாதம் ஓர் இரவுக் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஒருமுறை கைப்பேசியில், ஒருமுறை பெரிய தொலைக்காட்சியில், ஒருமுறை காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு. கைப்பேசியில் குளம்பொலி தகரத்தைத் தட்டுவது போல வந்தது. பெரிய திரையில் ஆட்கள் நகரும்போது விளிம்புகள் சீப்புப் பல் போலக் கிழிந்தன. காதில் மாட்டியபோதுதான் குளம்பொலிக்கு முன்னால் சில விநாடி மௌனம் இருப்பதைக் கவனித்தேன். அந்த மௌனம்தான் துணியைப் பிடித்து நிற்கிறது. எங்கள் தெருவில் அன்று எல்லாருடைய மூச்சும் நின்ற இடம் அதுதான்.

சீப்புப் பல்லுக்குக் காரணம் எளிது. அந்தக் காலத்து ஒளிபரப்பு ஒரு படத்தை ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதியாகப் பிரித்து அனுப்பியது. நம் முறையில் மொத்தம் 625 கோடுகள், அதில் கண்ணுக்குத் தெரிவது 576. பழைய குழாய் டிவி அந்த இரண்டு பாதியையும் தானே கோத்துவிடும். இன்றைய திரைக்கு அதை முறையாகப் பின்னித் தர வேண்டும். மூல நாடாவிலிருந்து கவனமாக எடுத்தால் அது முடியும். பழைய நாடாப் பதிவை ஃபிலிம் போல 4கே ஆக்க முடியாது, அது உண்மை. இருப்பதைச் சேதாரம் இல்லாமல் எடுக்க முடியும். அது போதும்.

மற்ற இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்? பிபிசி 1977 டிசம்பர் 22 அன்று பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவை ‘கவுண்ட் டிராகுலா’ என்று ஒளிபரப்பியது. லூயி ஜோர்டான் டிராகுலா. கோரைப்பல்லைக் காட்டிச் சீறுவதைவிட மரியாதையாகப் பேசியே பயமுறுத்தினார். நாவலில் வருகிற விட்பி ஊரிலேயே போய்ப் படம் பிடித்தார்கள். அது டிவிடியாக வந்து இன்றும் பலர் அலமாரியில் இருக்கிறது. இன்னொன்று சூசன் ஹில்லின் 1983 நாவலிலிருந்து எடுத்த ‘தி வுமன் இன் பிளாக்’. ஐடிவியில் 1989 டிசம்பர் 24 இரவு வந்தது. அதில் அந்தக் கறுப்புடைப் பெண் வெளிப்படையாகத் தோன்றுவது சில தடவைதான். அதிலொன்று, படுத்திருப்பவனை நோக்கி அவள் காற்றில் வருகிற காட்சி. பார்த்தவர்கள் மறக்கவே இல்லை. படம் நெடுங்காலம் பிரிட்டன் கடைகளில் கிடைக்காமல் இருந்தது. 2020-ல் நெட்வொர்க் என்ற சிறிய நிறுவனம் ஃபிலிமிலிருந்து புதிதாக எடுத்து புளூ-ரே வட்டாக வெளியிட்டது. 2023-ல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. வட்டு வாங்கியவர்கள் வீட்டில் படம் இருக்கிறது. இணையத்தில் இருப்பது ஒரு பொத்தானில் மறையும். அலமாரியில் இருப்பது அப்படி மறையாது.

பக்கத்து வீட்டுக் கதையும் உண்டு. 1993-ல் வந்த மலையாள ‘மணிச்சித்ரதாழ்’ 2024 ஆகஸ்டில் 4கே-யில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரையரங்குக்கு வந்தது. ஷோபனாவின் கண்கள் மாறுகிற கணத்தை இன்றைய பிள்ளைகள் பெரிய திரையில் பார்த்தார்கள். குட்டி ராசுவின் முகத்துக்கும் அந்தத் தகுதி இருக்கிறது.

நம் ஊரில் வீட்டு வீடியோ என்றால் வாடகைக் காசெட்தான். பிறகு விசிடி வந்தது, மோசர் பேயர் 28 ரூபாய்க்குப் படம் விற்ற காலமும் வந்து போனது. அவையெல்லாம் பெரும்பாலும் சினிமாவுக்கு. தொடரை வைத்துக்கொள்ள நாமே பதிவு செய்தால்தான் உண்டு. என் மாமா ‘விடாது கருப்பு’ பகுதிகள் சிலவற்றைக் காசெட்டில் பிடித்தார். விளம்பரம் வரும்போது நிறுத்தி, முடிந்ததும் ஓட்டி, ஒரே நாடாவில் ஐந்தாறு பகுதி. போன பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது அது கிடைத்தது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. காசெட் ஓட்டுகிற கருவியைப் பழுது பார்க்கத் தெரிந்தவரைத் தேடிக் கள்ளக்குறிச்சி வரை போனேன். ஒரு கடையில் அதை அப்படியே போட்டு ஓட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் நாடா சிக்கிக் கிழிந்தது. நான்தான் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். காந்த நாடாவின் பூச்சு காலப்போக்கில் ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்து உரியத் தொடங்கும். தயாரிப்பாளர்களின் அறையில் இருக்கிற மூல நாடாவுக்கும் இதே கதிதான், சற்றுத் தாமதமாக.

இந்த ஆட்டத்தை ஆடியவர்களில் பலர் இன்று இல்லை. பால கைலாசமும் பாலசந்தரும் 2014-ல் போனார்கள். சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மறைந்தார். எழுதியவர் பக்கத்திலிருந்து நினைவுகளைச் சொல்ல இனி ஆள் இல்லை. நாகா, சேத்தன், தேவதர்ஷினி இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து, எந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள், குதிரையை எப்படி ஓட்டினீர்கள், அந்தச் சிறுவனிடம் என்ன சொல்லி நடிக்க வைத்தீர்கள் என்று பதிவு செய்து வட்டோடு சேர்த்துத் தர வேண்டும். நல்ல வட்டு என்றால் அதுதான். பெங்களூரிலும் லண்டனிலும் இருப்பவர்கள் வாங்குவார்கள். நானும் வாங்குவேன்.

உரிமை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: மூல நாடாக்களை இந்த ஆண்டே வெளியே எடுத்துத் தேர்ந்த கூடத்தில் எண்மமாக்குங்கள். வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பரணில் 1990களின் காசெட் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். வெள்ளை படிந்திருந்தால் கருவியில் போட்டு ஓட்டவும் வேண்டாம். ஈரமில்லாத இடத்தில், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.