கறுவாத்தோட்டத்து மேடையும் வட்டக்களரியும்

அரங்கக் கட்டடம் ஒன்றை எப்படி வாசிப்பது? நாடகப் பிரதியை வாசிக்க நமக்கு முறைகள் உண்டு. நடிகனின் உடலை வாசிக்கவும் கொஞ்சம் பழகியிருக்கிறோம். கட்டடம் என்று வரும்போது மட்டும் அது சும்மா நிற்கிற சுவர், கூரை, நாற்காலி என்று விட்டுவிடுகிறோம். எந்த நாடகத்தையும் உள்ளே வாங்கிக்கொள்ளக்கூடிய, தனக்கென்று கருத்து எதுவுமில்லாத காலி இடம் அது என்பது நம் பொதுப்புத்தி. இந்தக் 'காலி இடம்' என்கிற நினைப்பே நவீனத்துவம் நம் தலையில் கட்டிவிட்டுப் போனதுதான். கொழும்பு லயனல் வென்ட் அரங்கை முன்வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கொழும்பு 7, கறுவாத்தோட்டம். டச்சுக்காரன் கறுவா பயிரிட்ட நிலம், பிறகு பங்களாக்காரர்களின் பேட்டையானது. அங்கே கில்ட்ஃபோர்ட் கிரசண்ட் என்றொரு தெரு. இப்போது இசையமைப்பாளர் பிரேமசிறி கேமதாசவின் பெயரில் இருக்கிறது. அந்தத் தெருவில்தான் வென்ட்டின் வீடும் இருந்தது. லயனல் வென்ட் (1900 - 1944) பியானோ கலைஞர், புகைப்படக்காரர், விமர்சகர். சட்டம் படித்து அதை ஓரங்கட்டிவிட்டு வந்தவர். பேசில் ரைட்டின் 'சாங் ஆஃப் சிலோன்' (1934) ஆவணப்படத்தில் கேட்கிற குரல் அவருடையது. ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல முதலான ஓவியர்கள் '43 குழு'வாகத் திரண்டது அவரைச் சுற்றித்தான். காலனியக் கலைப்பள்ளியின் செத்த இயற்பண்புவாதத்தை எதிர்த்த கலகக்காரர்கள் இவர்கள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. அவர் நினைவாக எழுந்த அரங்கை வடிவமைத்தவரும் அதே குழுவின் ஓவியர் ஜெஃப்ரி பெலிங். 1953 டிசம்பரில் திறந்தார்கள். முதல் நாடகம் கார்க்கியின் 'அதல பாதாளம்'. இந்தத் தேர்வைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போனது மட்டக்களப்பு நண்பர் ஒருவரோடு. தகப்பன், மகன் என்று தொடர்ந்து கூத்தாடுகிற குடும்பம் அவருடையது. நாடகம் தொடங்க நேரம் இருந்தது. அலங்காரமில்லாத, அளவான கட்டடம். கொழும்பு நகரில் இவ்வளவு பெயர்பெற்ற அரங்கு இத்தனை அடக்கமாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லா இருக்கையும் ஒரே திசையைப் பார்க்கின்றன. அந்தத் திசையில் படச்சட்டம் மாதிரி மேடை. விளக்கு அணைந்தால் பார்வையாளன் தன் பக்கத்து ஆளுக்குக்கூடத் தெரியமாட்டான். நண்பர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "இதில அண்ணாவியார் எங்க நிக்கிறது?"

விளையாட்டாகக் கேட்ட கேள்வி இல்லை அது. மட்டக்களப்பு வட்டக்களரியில் அண்ணாவியார் நடுவில் நிற்கிறார். மத்தளம் அவர் கையில். ஆட்டக்காரர் அவரைச் சுற்றி ஆட, சுற்றிலும் சனம். பார்க்கிறவனை எதிரே பார்க்கிறவன் பார்த்துக்கொண்டிருப்பான். சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, விடிய விடிய அரங்கேறுகிற கூத்துக்கு 'மேடை' என்று ஒன்று தனியாகக் கிடையாது. ஊர்தான் அதன் மேடை. படச்சட்ட மேடைக்கு வந்தால் முதலில் நடுவிலிருந்து நகர வேண்டியவர் அண்ணாவியார்தான். அவர் ஓரத்துக்குப் போகிறார். நெறியாளர் என்கிற கண்ணுக்குத் தெரியாத ஆள் உள்ளே வருகிறார். இடம் மாறினால் அதிகாரம் கைமாறுகிறது. கட்டடத்துக்குக் கருத்து இல்லை என்று யார் சொன்னது?

இந்த மேடையின் மிகப் பெரிய நாளாகச் சொல்லப்படுவது 1956 நவம்பர் 3. எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' அன்றுதான் இங்கே அரங்கேறியது. நவீன சிங்கள அரங்கின் பிறப்பு என்று வரலாறு எழுதியிருக்கிறார்கள், தப்பில்லை. 'மனமே'யின் வடிவம் 'நாடகம' என்கிற சிங்களக் கிராமியக் கூத்து. அதன் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர் வழியாகக் கடற்கரையோரம் இறங்கிச் சிங்களத்துக்குள் போனது அது. இதைச் சரச்சந்திர மறைக்கவில்லை, தன் ஆய்வுநூலில் எழுதியே இருக்கிறார். ஆக, களவு என்று கூச்சல்போட இங்கே ஒன்றுமில்லை. கேள்வி வேறு. அதே 1956 ஜூனில்தான் சிங்களம் மட்டும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டார்கள். தமிழ்மொழி அரசு அலுவலகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்தாவது மாதம் தமிழ்க் கூத்தின் தாளக்கட்டு கறுவாத்தோட்டத்து மேடையில் தேசிய வடிவமாக ஏறுகிறது. வடிவத்தை உள்ளே விட்டவர்கள் மொழியை வெளியே நிறுத்தினார்கள் என்று இதை எளிமைப்படுத்த முடியாது. நாடகக்காரரும் சட்டம் போட்டவரும் ஒரே ஆள் இல்லை. ஆனால் ஒரு வடிவத்தை அதன் சனத்திடமிருந்து பிரித்தெடுத்து 'கலை'யாக மட்டும் பார்க்கவைக்கிற கண்ணாடி அந்தப் படச்சட்டத்தில் இருந்தது. அதனால்தான் இந்த இரண்டு சம்பவங்களும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஒரே வருஷத்தில் நடக்க முடிந்தது.

இன்னும் கீழே போகலாம். 1929 - 30இல் கொழும்பில் தூதரக அலுவலராக இருந்த பாப்லோ நெரூதா தன் நினைவுக்குறிப்புகளில் வென்ட்டை மதிப்போடு எழுதுகிறார். அதே நூலில்தான், வெள்ளவத்தை வீட்டில் தன் மலவாளியை எடுக்க வந்த தமிழ்த் தலித் பெண்ணைத் தான் வன்புணர்ந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். அவளைச் சிலை என்று வர்ணிக்கிறார். வென்ட்டுக்கு இந்தக் குற்றத்தில் பங்கில்லை. அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். நான் கேட்பது நவீனத்துவ அழகியலின் கண்ணைப் பற்றி. அந்தப் பெண் யார்? கொழும்பு நகரத்தின் மலத்தைச் சுமக்க நம் தமிழகத்துச் சேரிகளிலிருந்து காலனிய ஆட்சி கொண்டுபோன சனத்தின் சாயல் அவளில் இருக்கிறது. அவளுக்குப் பெயரில்லை, பேச்சில்லை, அழகு மட்டும் இருக்கிறது. கார்க்கியின் அதல பாதாளத்தை மேடையேற்றித் திறந்த நகரத்தில், அந்த நகரத்தின் சொந்த அதல பாதாளம் எந்த மேடையில் பேசியது?

சரி, தமிழர்கள் என்ன செய்தோம்? பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைக் கையிலெடுத்தார். 'கர்ணன் போர்' (1962), அப்புறம் 'நொண்டி நாடகம்', சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்'. விடிய விடிய ஆடியது ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கியது, வட்டம் சதுரமானது. படித்த தமிழன் கேவலமாக நினைத்த கூத்துக்கு மரியாதை வந்தது இதனால்தான். 1968 மாவிட்டபுரம் ஆலயப்பிரவேசப் போராட்டத்தையொட்டிக் 'கந்தன் கருணை' காத்தான்கூத்துப் பாணியில் வந்ததும், வர்க்கத்தையும் சாதியையும் அரக்கர்களாக்கி மௌனகுருவின் 'சங்காரம்' வந்ததும் இந்த வழி திறந்ததால்தான். மேடையைக் கைப்பற்றிச் சண்டைக்குப் பயன்படுத்த முடியும் என்பதற்கு இவை சாட்சி. அதே சமயம், கூத்து மேடைக்குப் போனதே தவிர, மேடையிலிருந்து களரிக்குத் திரும்பி வந்தது என்ன?

2000களில் மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்வைத்த 'கூத்து மீளுருவாக்கம்' இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது. கூத்தை ஊரிலிருந்து எடுத்துவராமல், ஊரிலேயே, அண்ணாவியாரும் ஆட்டக்காரரும் சனமும் உட்கார்ந்து விவாதித்துத் திருத்துவது. பிரதியில் உள்ள சாதி, பெண் பற்றிய பார்வையை அவர்களே கேள்வி கேட்பது. களரி என்றால் உடனே புனிதம் என்று கும்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வட்டம் என்பதாலேயே எதுவும் சமத்துவமாகிவிடாது. யார் சலங்கை கட்டலாம், யார் பறை மட்டும் அடிக்க வேண்டும், பெண் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கெல்லாம் களரியிலும் கோடு கிழித்துத்தான் வைத்திருந்தார்கள். படச்சட்டத்தின் கோடு நாற்காலிக்கும் மேடைக்கும் நடுவே தெரிகிறது, களரியின் கோடு ஊருக்குள்ளே மறைந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது கொழும்பு விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியதிலிருந்து நம்முடைய நவீன நாடகமும் புரிசைக்குப் போய்த் தெருக்கூத்தின் அடவை, முகவீணையை, கட்டியங்காரனைத் தேடிக் கொண்டுவந்திருக்கிறது. கொண்டுவந்தது எவ்வளவு என்று பட்டியல் போட நம்மிடம் ஆய்வேடுகள் உண்டு. கொண்டுபோய்க் கொடுத்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

லயனல் வென்ட் அரங்கை இடிக்கச் சொல்லவோ புறக்கணிக்கச் சொல்லவோ நான் இதை எழுதவில்லை. அங்கே நாடகம் போடுங்கள், நானும் வந்து பார்ப்பேன். ஒரு அரங்கின் நவீனத்துவத்தை அதன் சுவரையும் வெளிச்சத்தையும் வைத்து அளக்கிற பழக்கத்தைத்தான் விடச் சொல்கிறேன். அந்த மேடைக்கு வடிவம் கொடுத்தவர்கள் டிக்கெட் எடுத்து உள்ளே வர முடிகிறதா, அவர்கள் மொழியில் அங்கே சண்டை போட முடிகிறதா, ஆடி முடித்து அவர்கள் தம் களரிக்குத் திரும்பும்போது கையில் எதையாவது எடுத்துப்போகிறார்களா? அளவுகோல் இதுதான். நாம் கட்டிக்கொண்டிருக்கிற அரங்குகளுக்கும் சேர்த்து.