கவராயமும் அளவுகோலும்: 'பை ஹேண்ட் அண்ட் ஐ' நூல் குறித்த மதிப்பீடு

'பை ஹேண்ட் அண்ட் ஐ' (கையாலும் கண்ணாலும்) ஜார்ஜ் வாக்கர், ஜிம் டால்பின் ஆகிய இரு அமெரிக்கர்கள் இணைந்து எழுதிய மரவேலை வடிவமைப்பு நூல். லாஸ்ட் ஆர்ட் பிரஸ் இதை 2013-ல் வெளியிட்டது. வாக்கர் மரவேலை இதழில் வடிவமைப்பு பற்றித் தொடர் எழுதியவர். டால்பின் வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்சென்டில் கைக்கருவி மரவேலை கற்பிப்பவர். படக்கதைப் பாணியில் அமைந்த 'பை ஹவுண்ட் அண்ட் ஐ' என்ற பயிற்சி நூலையும் இருவரும் பின்னர் எழுதினர்.

மையக் கருத்து

இயந்திர உற்பத்திக்கு முந்தைய தச்சர்கள் அறைகலன்களை அங்குலக் கணக்கில் திட்டமிடவில்லை என்பது நூலின் வாதம். கவராயம், நேர்கோல், மூலைமட்டம் ஆகியவற்றைக் கொண்டு 1:2, 2:3, 3:5 போன்ற எளிய முழு எண் விகிதங்களில் அவற்றை அமைத்தனர் என்கிறது. அலமாரியின் ஒரு பகுதியை அலகாகக் கொண்டால் உயரம், கால், இழுப்பறை எல்லாம் அந்த அலகிலிருந்தே பெறப்படும். எண்கள் பொறித்த அளவுநாடாவுக்கு இதில் வேலை குறைவு.

பள்ளியில் செங்குத்து இருசமவெட்டி வரையும் மாணவர்களில் பலர், அது எதற்குப் பயன்படும் என்று அறியாமலே தேர்வை எழுதி முடிக்கின்றனர். வட்டமும் கோடும் பலகையில் என்ன செய்யும் என்பதைக் காட்டுவது இந்நூலின் பெரிய பலம். ஆனால் எண்ணை ஒதுக்கிவைக்கும் வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது தனிக் கேள்வி. கைக்கருவித் தச்சில் வழங்கும் சில முறைகளைக் கொண்டு அதைச் சோதிக்கலாம்.

வாதம் வெல்லும் இடங்கள்

173 மி.மீ. அகலமுள்ள பலகையை ஐந்து சம பாகமாக்க வேண்டும். வகுத்தால் ஒரு பாகம் 34.6 மி.மீ. வரும். அளவுகோலில் அந்த இடத்துக்குக் கோடு இல்லை. 35 எனக் கொண்டால் ஐந்து பாகத்தின் முடிவில் 2 மி.மீ. மிகும். தச்சர் அளவுகோலைச் சாய்த்து, சுழி ஒரு விளிம்பிலும் 200 எதிர் விளிம்பிலும் படும்படி வைப்பார். 40, 80, 120, 160 ஆகிய இடங்களில் புள்ளியிட்டு, விளிம்புக்கு இணையாகக் கோடிழுத்தால் வேலை முடிந்தது. பலகையின் அகலம் எத்தனை என்றே அவர் அறிய வேண்டியதில்லை. இதன் அடிப்படை, பத்தாம் வகுப்பில் படிக்கும் தேல்ஸ் தேற்றமே.

மூலைமட்டத்தைச் சோதிக்கும் முறையும் இத்தகையது. நேரான விளிம்பில் அதைப் பொருத்தி ஒரு கோடு வரைய வேண்டும். பிறகு மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து மறுபடி வரைய வேண்டும். இரு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. பிரிந்தால், அந்த இடைவெளி உண்மையான பிழையைப்போல் இரு மடங்கு. 300 மி.மீ. தொலைவில் 1 மி.மீ. பிரிந்தால் மட்டத்தின் பிழை அரை மில்லிமீட்டர். கருவி தன்னையே சோதித்துக்கொள்கிறது, கோணமானி தேவையில்லை.

எண் திரும்பி வரும் இடங்கள்

புறாவால் இணைப்புக்குக் கவராயத்தால் எட்டுவைத்துக் குறிப்பது பழைய வழக்கம். கவராயத்தின் விரிவு 0.2 மி.மீ. கூடினால் 12 எட்டுகளில் பிழை 2.4 மி.மீ. ஆகிவிடும். இது முறையின் குறை போலத் தெரிந்தாலும் அதன் பயனும் இதிலேயே உள்ளது. கண்ணுக்குத் தெரியாத சிறு பிழை பெருகி, கடைசி எட்டில் வெளிப்படையாக நிற்கிறது. மிகுந்த தொலைவை 12 பங்காகக் கருதி, ஒரு பங்கு அளவுக்கு விரிவைக் குறைத்தால் அடுத்த சுற்றில் சரியாகிவிடும். ஆனால் அவ்வாறு கருதுவதற்கு எண்ணறிவு வேண்டும்.

சதுரக் கட்டையை எண்கோணமாக்கும்போது இது இன்னும் தெளிவாகிறது. மூலைவிட்டத்தில் பாதியைக் கவராயத்தில் எடுத்து, நான்கு மூலைகளிலிருந்தும் பக்கங்களில் வெட்டினால் கிடைப்பது மிகச் சரியான எண்கோணம். பாய்மரம் செதுக்குவோர் பக்கத்தை 7:10:7 எனப் பிரிப்பதும் உண்டு. அது ஏறத்தாழச் சரியான முறை. 240 மி.மீ. கட்டையில் இம்முறை நடுப்பகுதிக்கு 100 மி.மீ. தரும், சரியான அளவு ஏறக்குறைய 99.4. பாய்மரத்துக்கு இந்த வேறுபாடு பொருட்டன்று. எட்டுத் துண்டுகளைச் சாய்த்து அறுத்துச் சட்டகம் கூட்டும்போது இதே அளவு பிழை வந்தால் மூட்டில் சந்து விழும். எது தேற்றப்படி சரி, எது வேலைக்குப் போதும் என்று பிரித்துச் சொல்ல எண் தேவைப்படுகிறது. செய்துகாட்டும் நடையை நம்பும் நூல், 'ஏன்' என்ற கேள்விக்குக் குறைவாகவே இடம் தருகிறது. எண்ணை விட்டுவிட்ட வாசகரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்ல மொழி இருக்காது.

வரலாற்று வாதம்

பழைய அறைகலன் வடிவமைப்பு செவ்வியல் தூண் ஒழுங்குகளிலிருந்து விகிதங்களைக் கற்றது என்று நூல் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. தாமஸ் சிப்பன்டேல் 1754-ல் வெளியிட்ட அறைகலன் வடிவ நூல் ஐந்து தூண் ஒழுங்குகளின் படங்களுடன்தான் தொடங்குகிறது. ஆனால் செய்து முடித்த பொருளை அளந்து, அதில் விகிதம் தேடுவது எளிதில் ஏமாற்றும். 1:2 முதல் 1:1 வரையுள்ள செவ்வகங்களை எடுத்துக்கொள்வோம். 1:2, 3:5, 2:3, 3:4, 4:5, 5:6, 1:1 ஆகிய ஏழு விகிதங்களுக்கும் இருபுறமும் 4 சதவீதம் விலக்கு அளித்தால், அந்த எல்லைக்குள் பாதிக்கும் மேற்பட்ட வடிவங்கள் ஏதோ ஒரு விகிதத்தில் அடங்கிவிடும். ஆகவே விகிதம் பொருந்துவது மட்டுமே தச்சரின் எண்ணத்துக்குச் சான்றாகாது.

நூலின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மேற்கத்திய மரபைச் சார்ந்தவை. பொருளிலிருந்தே அலகைப் பெறும் முறை அங்கே மட்டும் இருந்ததன்று. இந்தியச் சிற்ப மரபின் நவதாள அளவில் உருவத்தின் உயரம் ஒன்பது தாளம்; தாளத்துக்கு 12 அங்குலமாக மொத்தம் 108 அங்குலம். இந்த அங்குலம் அளவுகோலில் உள்ளதன்று. உருவத்தின் உயரத்தையே பகுத்துப் பெறுவது. இங்கே விகிதமும் எண்ணும் பகையின்றிச் சேர்ந்தே இயங்குகின்றன.

மதிப்பீடு

ஒரு பொருளின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய இடத்தில் கவராயம் அளவுகோலை வெல்கிறது. அந்தப் பொருள் வெளியுலகோடு பொருந்த வேண்டிய இடத்தில் எண் வேண்டும். கண்ணாடிக் கடைக்குக் கவராயத்தைத் திறந்தபடி எடுத்துச்செல்ல முடியாது. நூல் முதல் உண்மையை மிக நன்றாகக் கற்பிக்கிறது. அந்த உற்சாகத்தில் இரண்டாவதைச் சிறிது மங்கவிடுகிறது. இதைக் கையில் எடுக்கும் மாணவர் பள்ளி வடிவியல் பாடநூலையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று எப்படி என்று சொல்லும். மற்றது ஏன் என்று சொல்லும். ஒரு வீணான பலகையும் கூர்மையான பென்சிலும் இருந்தால், மேலே சொன்ன முறைகளை ஒரே மாலையில் செய்து பார்த்துவிடலாம்.